ராணுவத்திலும் பள்ளியிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற என் அப்பா பேரூராட்சித் தலைவராக ஆசைப்படுகிறார். ஊக்குவிக்கலாமா?

உங்கள் அப்பாவுக்கு அறுபது வயது கடந்திருக்கும், இரண்டு ஓய்வூதியம் வருகிறது, காலையில் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு ஊரைத் திட்டுகிறார் என்று ஊகிக்கிறேன். என் அப்பா அப்படித்தான் இருந்தார். வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு ராணுவத்துக்குப் போனவர்கள் உண்டு. அவர் 1967-இல், பதினெட்டு வயதில் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி பெற்று, 1971 டிசம்பர் போரின்போது கிழக்கு எல்லையில் இருந்து, 1983-இல் ஹவில்தாராக ஊர் திரும்பினார். பணியில் இருந்தபடியே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தார். பிறகு பி.எட். படித்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியரானார். 2007-இல் ஓய்வு பெறும்போது ஊரில் அவருக்குப் பெயரே ‘மிலிட்டரி சார்’ என்றாகியிருந்தது. 2011 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் பூட்டு சாவி சின்னத்தில் சுயேச்சையாக நின்று, இருநூறு சொச்சம் வாக்குகளில் வென்றார்.

மகள் எழுதினால் இப்படித்தான் எழுதுவாள் என்று யாரேனும் சொல்லக்கூடும் என்பதால் அவருடைய குறையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மன்றக் கூட்டத்தைப் பதினோரு மணிக்கு என்றால் பதினோரு மணிக்கே தொடங்கிவிட்டு, தாமதமாக வந்த உறுப்பினர்களின் பெயருக்கு நேரே வந்த நேரத்தைச் சிவப்பு மையில் எழுதி வைத்தார். மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவரை ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் போல நடத்தினால் அவருக்குக் கோபம் வராதா? இரண்டு உறுப்பினர்கள் மூன்று கூட்டங்களுக்கு வரவே இல்லை. தவறு அப்பாவுடையது என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

தேர்தலில் எங்களுக்கு வந்த முதல் சோதனை, ராணுவக் கடையில் சலுகை விலைக்குப் பொருள் வாங்கும் கேன்டீன் கார்டு. முன்னாள் படைவீரர் என்றால் வீட்டில் மிலிட்டரி சரக்கு இருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. அப்பா குடிப்பவர் அல்லர். மாத மது ஒதுக்கீட்டை ஒருநாளும் வாங்கியதில்லை. வாக்குக் கேட்டுப் போன இடத்தில், அவரிடம் படித்த ஒருவரே, “சார், ஓட்டு உங்களுக்குத்தான், ஆனா பசங்களுக்கு ரெண்டு பாட்டில் கேன்டீன் ரம் மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க” என்று கேட்டார். அப்பா அங்கேயே நின்று, அந்தக் கார்டில் சோப்பும் பிரஷர் குக்கரும் வாங்கிய கதையைச் சொல்லி முடித்தார். அந்தத் தெருவில் எங்களுக்கு ஏழே வாக்குகள் விழுந்திருக்கும் என்று வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

பதவியேற்ற பிறகுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. ராணுவத்தில் உத்தரவு போட்டால் நடக்கும், வகுப்பில் பிரம்பை எடுத்தால் அமைதி வரும், பேரூராட்சியில் இரண்டுமே கிடையாது. நிர்வாக அதிகாரம் அரசு நியமித்த செயல் அலுவலரிடம் இருக்கிறது. தலைவர் கூட்டத்தை நடத்தலாம், தீர்மானம் நிறைவேற்றலாம், பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். எரியாத தெருவிளக்கை எரியவைக்க அவர் யாரையாவது கெஞ்சித்தான் ஆக வேண்டும். பழுப்பு நிறக் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, எரியாத விளக்குக் கம்பங்களின் எண்களை நாற்பது பக்க நோட்டில் குறித்து வருவார். அந்த நோட்டு மாதத்துக்கு ஒன்று தீர்ந்தது. விளக்குகள் அந்த வேகத்தில் எரியவில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு சிமென்ட் சாலைக்கு வேலை முடிந்துவிட்டதாகப் பணம் கேட்டுப் பட்டியல் (பில்) வந்தது. அளவுப் புத்தகத்தை, அவர்கள் மொழியில் எம்-புக்கை, வாங்கிப் பார்த்தால் நீளம் 110 மீட்டர் என்று இருந்தது. அப்பா பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஓடுதளம் போட வைத்திருந்த நீள டேப்பை எடுத்துக்கொண்டு, என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மத்தியான வெயிலில் அந்தத் தெருவை அளந்தார். 96 மீட்டர். வேலை செய்த ஒப்பந்ததாரர் அவருடைய மாணவர். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், “சார், நீங்க அடிச்சு வளத்த பையன் நான்” என்றார். அப்பா பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. “அதனாலதான்டா அளந்தேன்” என்றார். பட்டியல் 96 மீட்டருக்குத்தான் நிறைவேறியது. அந்த ஆண்டு ஆசிரியர் தினத்துக்கு வழக்கமாகக் கூட்டமாக வரும் பழைய மாணவர்களில் நான்கு பேர்தான் வந்தார்கள்.

உங்களிடம் சொல்ல வந்ததும் இதைத்தான். ராணுவமும் பள்ளியும் நாற்பது ஆண்டுகளில் சேர்த்துக் கொடுத்த மரியாதையைத்தான் அவர் அந்த ஐந்து ஆண்டுகளில் கைமுதலாகப் போட்டுச் செலவழித்தார். ‘சார்’ என்றவர்கள் ‘தலைவரே’ என்றார்கள். பிறகு, முதுகுக்குப் பின்னால், ‘ரெண்டு பென்ஷன் போதாதா அந்த ஆளுக்கு’ என்றார்கள். அந்தப் பதவிக்கு அப்போது கூட்டத்துக்கான படி தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்பது 2023 ஜூலையில்தான் வந்தது. ஓய்வூதியத்திலிருந்து எடுத்துத்தான் அவர் கல்யாணங்களுக்கு மொய் எழுதினார்.

என் சொந்தக் குறையையும் இங்கே கொட்டிவிடுகிறேன். தலைவர் மகள் வீட்டுக்குத்தான் முதலில் குழாய் போனது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இணைப்புக் கொடுத்த பிறகே என் வீட்டுக்குக் கொடுக்கவிட்டார். ஒன்பது மாதம், கைக்குழந்தையோடு, லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தேன். நேர்மைக்கான விலையை அவர் கொடுத்தார் என்று ஊர் பேசுகிறது. குடம் தூக்கியது நான்.

நடைமுறைத் தகவல் ஒன்றும் உங்களுக்குத் தேவைப்படும். 2011-இல் மக்கள் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் அந்த முறை இல்லை: முதலில் ஒரு வார்டில் வெல்ல வேண்டும், பிறகு வென்ற உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். கட்சி பலம் இல்லாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இந்த இரண்டாம் படி மிகக் கடினம். ஊருக்கு அவரைப் பிடித்திருப்பது இங்கே போதாது. பத்துப் பதினைந்து உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். உங்கள் அப்பா இதை அறிந்துதான் ஆசைப்படுகிறாரா என்று கேளுங்கள். அறிந்தும் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், தடுத்தாலும் கேட்கமாட்டார்.

2016 அக்டோபரில் அப்பாவின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான். அந்த ஆண்டுகளிலும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எங்கள் திண்ணைக்குத்தான் ஆட்கள் வந்தார்கள்; அவரும் மனு எழுதிக் கொடுத்தார். 2022-இல் எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, திண்ணையில் இருந்தவர்களில் யாரோ, “மிலிட்டரி சார் பொண்ணு நிக்கட்டுமே” என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.