பைக்குக்குத் தோல் பை வாங்கும்போது வார் முனையைப் பாருங்கள்

கேள்வி: என் க்ரூஸர் பைக்கின் பக்கவாட்டில் மாட்ட, கையால் செய்த தோல் பை வாங்க நினைக்கிறேன். முன்பு வாங்கியது ஒரு மழைக்காலம் முடிவதற்குள் உரிந்துவிட்டது. இணையத்தில் எல்லோருமே ‘ஒரிஜினல் லெதர், ஹேண்ட்மேட்’ என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: உங்கள் பழைய பையில் உரிந்தது தோல் அல்ல, அதன் மேல் பூசிய பிளாஸ்டிக் படலம். தோல் காயும், வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி ஏடு ஏடாகப் பெயராது. தோல் வெட்டில் மிஞ்சும் துணுக்குகளை அரைத்து, பசையோடு சேர்த்துத் தகடாக அழுத்தி, மேலே பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசினால் ‘பாண்டட் லெதர்’. தோலை இரண்டாகப் பிளந்து, வலுக்குறைந்த அடிப்பகுதிக்குப் பூச்சு கொடுத்தால் அதை ‘ஜெனுவின் லெதர்’ என்று தாராளமாக விற்கலாம். அதுவும் தோல்தான் என்பதால் அது முழுப் பொய்யும் இல்லை. இப்படி எதையும் மறைக்க உதவுகிற முத்திரை இத்தனை காலம் எப்படி ஓடுகிறது என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. ‘ஹேண்ட்மேட்’ நிலைமை இன்னும் மோசம். மெஷினில் தைத்த பையில் பக்கிளை மட்டும் கையால் மாட்டியவரும் அதையேதான் சொல்கிறார்.

அதனால் முத்திரையை விடுங்கள். விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: வாரின் வெட்டு விளிம்பு ஒன்று, வார் பையோடு சேரும் இடத்தின் உள்பக்கம் ஒன்று. பக்கத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். பையைச் செய்தவர் உடனே எடுத்து அனுப்புவார். மொத்தமாக வாங்கித் தன் பெயரை அச்சடித்து விற்கும் தரகர், ஏற்கெனவே விளம்பரத்தில் இருக்கும் அதே பளபளப்பான படத்தைத் திரும்ப அனுப்புவார். அவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

படம் வந்ததும் விளிம்பைப் பாருங்கள். ஒரே தோலாக, நார் நெருக்கமாகத் தெரிய வேண்டும். பையின் உடம்பு 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வார் அதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லது. இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே அட்டையோ ஸ்பாஞ்சோ வைத்து ஒட்டியிருந்தால், அதை மறைக்க விளிம்பில் கெட்டியாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். பைக் பை பெரும்பாலும் பிய்ந்துபோவது வார் சேரும் இடத்தில்தான்: எடை அங்கே தொங்குகிறது, அதிர்வும் அங்கேயே இழுக்கிறது. அங்கே தையலும் வேண்டும், ரிவெட்டும் வேண்டும். ரிவெட் கெட்டியான செம்பாக, பின்னால் வாஷர் வைத்துத் தட்டியதாக இருக்கட்டும். உள்ளே பொள்ளலான ரிவெட் நாளடைவில் வாய் பிளந்துவிடும்.

பக்கிளைக் காந்தம் வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். இரும்பை அது காட்டிக்கொடுக்கும். பித்தளை முலாம் பூசிய துத்தநாகத்தைக் காட்டிக்கொடுக்காது. பின்பக்கம் கண்ணுக்குப் படாத மூலையில் ஊசியால் அழுத்திக் கீறுங்கள். கீறலும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறம் தெரிந்தால் முலாம்.

தையல் விஷயத்தில் ஒன்றைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். இரண்டு ஊசி, ஒரே மெழுகு நூல் என்று கையால் தைப்பதில், ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். மெஷினில் மேல் நூலும் கீழ் நூலும் கோத்துக்கொள்வதால், ஓரிடம் அறுந்தால் வரிசையாகப் பிரிய வாய்ப்பு அதிகம். ஆனால் மெஷின் தையல் என்றாலே வேண்டாம் என்று ஓடாதீர்கள். சேணம் தைக்கும் கனரக மெஷினில், தடித்த பாலியஸ்டர் நூலால் தைத்து, முனைகளைத் திருப்பித் தைத்துப் பூட்டி, இழுவிசை விழும் இடத்தில் ரிவெட்டும் அடித்திருந்தால், அது அரைகுறைக் கைத்தையலைவிட எவ்வளவோ மேல். கைத்தையலே ஆனாலும் நூல் பருத்தி என்றால் யோசியுங்கள்; ஈரத்தில் அது மட்கும். அப்புறம், மெஷினில் தைத்ததை மெஷினில் தைத்தது என்றே சொல்லி விற்பவர் கிடைத்தால், மற்ற விஷயங்களிலும் அவர் பேச்சை ஓரளவு நம்பலாம்.

பக்கவாட்டுப் பைக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே சரி, விறைப்பாக வடிவம் கலையாமல் நிற்கும். ‘வாட்டர்புரூஃப்’ என்றால் சிரித்துவிட்டு நகருங்கள், ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீருக்கு வழிதான். உள்ளே ரப்பர் பை ஒன்று போட்டுக்கொண்டால் போதும். நனைந்த பையை நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு சூடு பட்டால் தோல் சுருங்கி, விறகாக இறுகிவிடும். எண்ணெய் போட்டாலும் பழையபடி வராது.

சைலன்சர் பக்கம் பையை மாட்டினால், அதன் சூட்டாலும் இதே ஆபத்து உண்டு. பணம் கட்டுமுன், பின்னால் ஒருவரை உட்காரவைத்து, சீட் இறங்கிய நிலையில் சைலன்சர், சக்கரம், செயின், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பையைச் சக்கரத்தின் பக்கம் சாயவிடாமல் தடுக்கும் இரும்புக் கம்பிச் சட்டம் கட்டாயம் வேண்டும். அது தேவையில்லை, வாரே போதும் என்கிற விற்பனையாளரிடம், பை சக்கரத்தில் சிக்கினால் மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள்.