அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போ உண்மையிலேயே இராணுவக் கல்லூரியில் படித்தாரா? அங்கே கொலையைத் துப்புத் துலக்கினாரா?

இந்தக் கேள்விகளைக் கிளப்பிய படம் 'த பேல் புளூ ஐ'. 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பார்க்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கம் மட்டும்: 1830ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரி. மாணவன் ஒருவன் தூக்கில் தொங்குகிறான். போதாக்குறைக்கு யாரோ அவன் பிணத்திலிருந்து இதயத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வேலையை விட்டு ஒதுங்கிக் குடித்துக்கொண்டிருக்கும் துப்பறிவாளர் ஒருவரைக் கல்லூரிக்காரர் கூப்பிடுகிறார்கள். அவராக நடித்தவர் கிறிஸ்டியன் பேல். அவரோடு வந்து ஒட்டிக்கொள்ளும் மாணவன்தான் எட்கர் அலன் போ. நடித்தவர் ஹரி மெல்லிங். ஹரி பொட்டர் படங்களில் டட்லியாக வந்த அந்தக் கொழுத்த பெடியன், இப்போது எலும்பும் தோலுமாக நிற்கிறார்.

கேட்டதற்குச் சுருக்கமாகச் சொன்னால், போ அங்கே படித்தது உண்மை. கொலை, துப்பு எல்லாம் கற்பனை. அவரை அங்கிருந்து துரத்தியதும் உண்மை. அந்தக் கதை படத்தின் கதையைவிட எனக்குப் பிடிக்கும்.

போ 1809இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் போய்விட, ரிச்மண்டில் ஜோன் அலன் என்ற வியாபாரி வீட்டில் வளர்ந்தார். பல்கலைக்கழகத்தில் சூதாடிக் கடன்பட்டு, வளர்ப்புத் தகப்பனோடு முறுகிக்கொண்டு வெளியே வந்தார். 1827இல், 18 வயதில், வயது 22 என்றும் பெயர் எட்கர் பெரி என்றும் புளுகிச் சாதாரண சிப்பாயாகப் படையில் சேர்ந்துவிட்டார். பொய்ப் பெயரில் இருந்தாலும் வேலையில் ஆள் கெட்டி. இரண்டு வருஷத்துக்குள் சார்ஜன்ட் மேஜர். அதற்குப் பிறகுதான், 1830 நடுப்பகுதியில், அதிகாரியாகும் ஆசையில் வெஸ்ட் பொயின்டுக்கு வருகிறார். அப்போது வயது 21. கூடப் படித்தவர்கள் அவரை வைத்து ஒரு பகிடி விட்டார்களாம்: 'இந்தாள் மகனுக்கென்று இடம் எடுத்தது, மகன் செத்துப்போக மகன்ர இடத்துக்குத் தானே வந்திட்டுது.'

அந்தக் காலத்தில் கல்லூரியை நடத்தியவர் சில்வானஸ் தயர். படத்திலும் வருவார். 1817 முதல் 1833 வரை அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கணக்கு, அதைக் குறைப்புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 200 சேர்ந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். குடி கூடாது, சீட்டு கூடாது. பெடியன்கள் சும்மா இருப்பார்களா? 1826 நத்தாருக்கு முதல் நாள் இரவு விஸ்கியைக் கள்ளமாகக் கொண்டுவந்து, முட்டையும் பாலும் கலந்து குடித்து, யன்னல் கண்ணாடிகளை உடைத்து, அதிகாரிகளோடு கைகலந்தார்கள். முட்டைப் பானத்தின் பெயரிலேயே அந்தக் கலவரம் சரித்திரத்தில் நிற்கிறது. மாட்டியவர்களில் ஒருவர் ஜெபர்சன் டேவிஸ், பிற்காலத்தில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தலைவர். எவ்வளவு இறுக்கினாலும் மதில் ஏறி பென்னி ஹேவன்ஸ் என்பவரின் தவறணைக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். போவும் அவர்களில் ஒருவர்.

படிப்பில் பிழையில்லை. பிரெஞ்சில் வகுப்பில் 3ஆம் இடம், கணிதத்தில் 17ஆம் இடம். அப்படியிருந்தும் ஆறு மாதத்தில் மனம் விட்டுப்போய்விட்டது. விலகுவதற்கு வளர்ப்புத் தகப்பன் எழுத்தில் அனுமதி தரவேண்டும். 1831 ஜனவரி தொடக்கத்தில் போ அவருக்குக் கடிதம் எழுதுகிறார்: நீங்கள் அனுமதி தராவிட்டால் நான் இனிப் படிப்பையும் கடமையையும் கவனிக்கப்போவதில்லை. அனுமதி வரவில்லை. சொன்னதைச் செய்தார். அணிவகுப்புக்குப் போகவில்லை, வகுப்புக்குப் போகவில்லை, தேவாலயத்துக்குப் போகச் சொன்னார்கள், அதற்கும் போகவில்லை. வா என்றால் வராத ஆளுக்குப் பெயர் போ. (இந்தப் பகிடி தமிழில் மட்டும்தான் எடுபடும், மன்னிக்கவும்.) ஜனவரிக் கடைசியில் இராணுவ நீதிமன்றம், மார்ச்சில் பெயரை வெட்டிவிட்டார்கள்.

ஒரு கட்டுக்கதையும் உலாவுகிறது. இடுப்புப் பட்டியும் வெள்ளைக் கையுறையும் மட்டும் போட்டுக்கொண்டு, மற்றப்படி பிறந்தமேனியாக அணிவகுப்புக்கு வந்து நின்றதால்தான் துரத்தினார்கள் என்று. ஆதாரம் கிடையாது. குற்றச்சாட்டில் இருப்பது எல்லாம் 'இன்ன நாள் வரவில்லை, இன்ன நாள் வரவில்லை' என்ற கணக்குத்தான். போவின் குற்றம் ஒரு இடத்தில் இருந்ததல்ல, இல்லாமல் இருந்தது.

இராணுவக் கல்லூரி ஏன் மர்மக் கதைக்கு இவ்வளவு பொருந்துகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதிலும் இதுதான். மூடிய இடம், பனி, சீனியருக்கு எதிராக வாய் திறக்கமுடியாத சாட்சிகள், இருட்டில் எல்லோரும் ஒரே சீருடையில் ஒரே ஆள் மாதிரித் தெரிவது, இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் பெயர்ப் பட்டியல். காலையில் கூப்பிடுகிறார்கள், பின்னேரம் கூப்பிடுகிறார்கள், படுக்கமுன் கூப்பிடுகிறார்கள். சாதாரண ஊரில் ஒருவன் நேற்றிரவு எங்கே இருந்தான் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் பாதிக் கதையைச் செலவழிக்கவேண்டும். இங்கே அது எழுதியே இருக்கிறது. எழுதியிருப்பது உண்மையா என்பதில்தான் கதை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் மனேஜராக இருந்தார். பின்பக்கம் இரண்டு அறையில் நாங்கள் குடியிருந்தோம். யுத்த காலம். வடக்கிலிருந்து வருகிற சனம் விசாவுக்கு, கண் ஒப்பரேஷனுக்கு, கலியாணம் பேச என்று வந்து தங்கும். ஒவ்வொருவரையும் பொலிஸில் பதியவேண்டும். அதைவிட அப்பாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருப்பார்: பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், வந்த திகதி, வந்த காரணம். கடைசிக் கோட்டுக்குள் சனத்தின் வாழ்க்கையெல்லாம் இரண்டு சொல்லில் அடங்கிக் கிடக்கும். 'மகளின் விசா.' 'மகனைத் தேடி.'

1998 சிவராத்திரி இரவு பொலிஸ் செக்கிங் வந்தது. ஒன்றரை மணி இருக்கும். கொப்பியில் 11 பேர், ஆள் எண்ணினால் 10. ஆறாம் அறை மாஸ்டரைக் காணவில்லை. சாவகச்சேரிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். கதிரையில் இருந்தால் கடவுள் இல்லை என்பதை மூன்று விதமாக நிரூபிக்கிற பழைய சிவப்புக் கட்சிக்காரர். களுசானும் சேட்டும் ஆணியில் தொங்குகின்றன, பையும் கட்டிலுக்குக் கீழே. ஆள் மட்டும் இல்லை. உடுப்பைக்கூட விட்டுவிட்டு ஓடியிருக்கிறான் என்றால் யார் இவன், ஏன் ஓடினான் என்று அப்பாவையும் கொப்பியையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நானும் அம்மாவும் விறாந்தையில். நான் அழுகிற பக்குவம். அம்மா எழும்பிப்போய் பொது பாத்ரூமின் லைற்றைப் போட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து சொன்னாள்:

'நிலம் ஈரமாக் கிடக்கு. கொடியில காய்ஞ்ச வேட்டியையும் காணேல்ல. இந்த நேரத்தில தலைக்குத் தோய்ஞ்சு வேட்டி கட்டிக்கொண்டு போற மனுசன் எங்க போயிருப்பான்?'

'மாஸ்டர் கோயிலுக்குப் போகமாட்டாரம்மா.'

'நாளைக்கு மகளுக்கு இன்டர்வியூ. பேசாம இரு.'

ஐந்து மணிக்கு மாஸ்டர் வந்தார், நெற்றி நிறைய வீபூதியோடு. பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் நாலு சாமமும் முழித்திருந்துவிட்டு. கொழும்பில் வேட்டியோடு கோல் ரோட்டில் நடக்கிற ஆளே அல்ல அவர், அந்தக் காலத்தில் யாரும் விரும்பி அப்படி நடக்கமாட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அதே கோலத்தில் பொலிஸுக்குப் போய் நின்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கொப்பியில் புதிதாக ஒரு கோடு போட்டார்: வெளியே போகும் இடம். மாஸ்டர் முதல் ஆளாக எழுதினார்: 'கடற்கரை. சும்மா.'

அந்தக் கொப்பிகளை நினைத்தால் சிரிப்பு மட்டும் வராது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அப்பா அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார்.

போவுக்குத் திரும்ப வருகிறேன். துரத்தப்பட்டவருக்கு வெஸ்ட் பொயின்ட் பெடியன்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள், கவிதைப் புத்தகம் போட. அதிகாரிகளை நக்கலடித்து அவர் எழுதிய பாட்டுகள் கல்லூரியில் பிரபலம், அதுதான் வரும் என்று எதிர்பார்த்தார்கள். 1831இல் புத்தகம் வந்தது, கல்லூரி மாணவர்களுக்கே சமர்ப்பணம் செய்து. உள்ளே ஒரு நக்கலும் இல்லை, எல்லாம் காதலும் தேவதையும். காசு கொடுத்தவர்கள் கடுப்பானார்கள். இதைப் படமாக எடுக்கலாம் என்றால் யாரும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1841 ஏப்ரலில், அவர் எழுதிய ஒரு சிறுகதையைத்தான் இன்றைய துப்பறியும் கதைகளுக்கெல்லாம் தாய் என்கிறார்கள். பாரிஸில் நடக்கும் கதை, துப்பறிவது டூப்பேன் என்ற ஆள். அதே வருஷம் ஜூலையில் நியூயோர்க்கில் மேரி ரோஜர்ஸ் என்ற இளம்பெண் காணாமற்போய், ஹட்சன் ஆற்றில் பிணமாக மிதந்தாள். வெஸ்ட் பொயின்ட் மேட்டின் காலடியில் ஓடுகிற அதே ஆறு. போ அந்த உண்மைச் சம்பவத்தைப் பாரிஸுக்கு மாற்றி, டூப்பேனிடம் கொடுத்து அடுத்த கதை எழுதினார். ஆக, கொலையை ஆராய்கிற போ என்பது படக்காரர் காற்றிலிருந்து பிடித்ததல்ல, காலத்தைப் பத்து வருஷம் முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவுதான். படத்தின் பெயரும் போவின் 1843ஆம் ஆண்டுக் கதை ஒன்றிலிருந்து எடுத்தது. கிழவனின் வெளிர்நீலக் கண் பிடிக்காமல் அவனைக் கொன்றவன், நிலப்பலகைக்குக் கீழே இதயம் துடிக்கிறது என்று பிதற்றுகிற கதை. படத்தில் இதயம் ஏன் திருட்டுப்போகிறது என்பதற்கு இலக்கிய வேர் அங்கேதான் இருக்கிறது.

போவின் சாவும் துலங்கவில்லை. 1849 அக்டோபரில் பால்டிமோரில் பிதற்றிக்கொண்டு கிடந்தார், உடம்பில் தன்னுடையதல்லாத உடுப்பு. நாலு நாளில் முடிந்துவிட்டது. எங்கள் ஆறாம் அறைக்காரருக்கு வாய்த்ததுபோல, உடுப்பைப் பார்த்துச் சொல்ல அங்கே ஒரு அம்மா இருக்கவில்லை.

இப்படி ஒரு கதையை இலங்கையில் வைத்து எழுதலாமா என்றால், தாராளமாக. 101ஆம் இலக்க பஸ்ஸில் ரத்மலானைக்குப் போனால் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் கோல் ரோட்டு இரைச்சலில் மர்மம் ஒட்டாது. தியத்தலாவைதான் இடம். இராணுவ அகாடமி, மலை, பனி, இரவில் மலையேறும் ரயில். 1900இல் ஆங்கிலேயர் போயர் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த ஊர் அது, பழைய எலும்புகளுக்கும் குறைவில்லை. யாராவது எழுதுங்கள். தலைமைப் பாத்திரம் துப்பறிவாளராக வேண்டாம், பெயர் கூப்பிடுகிற ரெஜிஸ்டரை எழுதும் கிளார்க்காக இருக்கட்டும்.

படம் எப்படி? முதல் ஒரு மணித்தியாலம் அருமை. அந்தக் குளிரும், மெழுகுதிரி வெளிச்சமும், மெல்லிங்கின் கதைபேச்சும் போதும். நடுவில் மாந்திரீகத்தின் பக்கம் சாயும்போது எனக்குக் கொட்டாவி வந்தது. கடைசித் திருப்பம் அதை ஈடுகட்டிவிடுகிறது. பிள்ளைகளோடு பார்க்கவேண்டாம், அறுத்த உடம்பெல்லாம் காட்டுகிறார்கள். நான் அப்பாவோடு பார்த்தேன். பிணத்தைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'ரெஜிஸ்டர் எங்க?' கடைசி இருபது நிமிஷம் நல்ல நித்திரை. கொலைகாரன் யாரென்று இன்னும் அவருக்குத் தெரியாது. தயவுசெய்து யாரும் கீழே எழுதிவிடாதீர்கள், என் பதில்களை அவர் வாசிக்கிறவர்.