ரீஸ்டார்ட் செய்யுமுன் ஒரு பிடி கொழுந்து

அன்புள்ள அண்ணா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவைக் கணக்கை ஜாவாவில் எழுதி ஓடவிட்டிருக்கிறோம். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, பின்னேர நிறுவைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது பார்த்து இறுகிப்போகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஓடும் ஜாவா நிரலின் உள்நிலையைக் காட்டும் ஜேஎம்எக்ஸ் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். போர்ட்டைத் திறந்தும் வீட்டிலிருந்து அதைப் பார்க்கும் கருவியான ஜேகன்சோல் இணையவில்லை. இதோடு மல்லுக்கட்டுவதா, இல்லை கூடுதல் ராம் வாங்கிப் போடுவதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

ராம் இப்போதைக்கு வேண்டாம். ரீஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு தடவையும் தடயத்தை நீங்களே கழுவி ஊற்றிவிடுகிறீர்கள்.

அப்பா ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். இரவில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் வந்தால் காற்றாடியை நிறுத்தச் சொல்ல மாட்டாராம். ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்து, கையை விரிப்பார். உருண்டை சட்டென்று பிரிந்தால் வாட்டம் போதாது. மெல்லப் பிரிந்தால் ரோலருக்கு அனுப்பலாம். ஜேஎம்எக்ஸில் நாம் பார்க்கும் எம்பீன் என்பதும் இந்த ஒரு பிடி கொழுந்துதான். ஓடுவது ஓடட்டும், உள்ளே என்ன நிலைமை என்று கைக்குத் தெரிந்துவிடும். 2004இல் வந்த ஜாவா 5 முதல் இது ஜாவாவோடேயே வருகிறது. நினைவகம், திரெட் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை), குப்பை அள்ளல் (வேண்டாத நினைவகத்தை மீட்பது) எல்லாவற்றுக்கும் எம்பீன்கள் தயாராகவே இருக்கின்றன.

நிரலின் தரவு இருக்கும் ஹீப் நினைவகத்தின் வரைபடம் மேலே ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கும். குப்பை அள்ளிய பிறகு நிற்கும் அடிமட்டம் நாளுக்கு நாள் உயர்ந்தால்தான் நினைவகக் கசிவு. அப்போதும் ராமைக் கூட்டினால் மூன்று நாள் ஆறு நாளாகும், அவ்வளவுதான்.

ஆனால் கூட்ட நேரத்தில் மட்டும் இறுகுகிறது என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் மேல்தான். எங்கோ ஒரு பிழைப் பாதையில் கனெக்‌ஷனை மூடாமல் விட்டிருப்பீர்கள். நாளுக்கு இரண்டு மூன்றாகத் தொலையும். ஆளில்லாத நேரத்தில் மிச்சம் இருப்பது போதும், பின்னேரம் போதாது. கனெக்‌ஷன்களைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் ஹிகாரி பூல் என்றால் யாரும் மாற்றாதவரை உச்சம் 10. அதன் ரெஜிஸ்டர்எம்பீன்ஸ் அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். எத்தனை கனெக்‌ஷன் வேலையில் இருக்கிறது, எத்தனை திரெட் காத்திருக்கிறது என்று ஜேகன்சோலிலேயே தெரியும்.

அப்புறம் உங்களுக்கென்று ஒரு எம்பீன் எழுதுங்கள். பதியாமல் காத்திருக்கும் நிறுவைச் சீட்டு எத்தனை என்ற ஒற்றை எண் போதும். ஜாவாவுக்குக் கொழுந்து தெரியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு விஷயம்: வகுப்பின் பெயர் நிறுவை என்றால் இடைமுகத்தின் பெயர் நிறுவைஎம்பீன் என்றேதான் இருக்க வேண்டும். நான் வேறு பெயர் வைத்து, பதிவு செய்யும்போது பிழை வந்து, காரணம் தெரியாமல் ஒரு பகலைத் தொலைத்தேன். அன்று எனக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஜேகன்சோல் இணையாததற்குக் காரணம் இரண்டாவது போர்ட். நீங்கள் திறந்தது பெயர் கேட்கும் வாசல் மட்டும். பேச்சு நடப்பது ஜாவா நிரல்கள் தொலைவிலிருந்து பேசிக்கொள்ளும் ஆர்எம்ஐ போர்ட்டில், சொல்லாவிட்டால் அதை ஜாவா இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஜேஎம்எக்ஸ்ரிமோட் போர்ட், ஆர்எம்ஐ போர்ட் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். அதற்காக அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். பாஸ்வேர்ட் இல்லாத ஜேஎம்எக்ஸ் வழியே வெளியாள் தன் நிரலையே உங்கள் சேர்வரில் ஓட்டிவிடலாம். ஃபயர்வாலில் மூடிவிட்டு, ஆர்எம்ஐ ஹோஸ்ட்நேமை லோக்கல்ஹோஸ்ட் என்று வைத்து, மறையாக்கம் செய்த எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக வாருங்கள்.

இன்று இரவு, நிறுவையெல்லாம் முடிந்து ஒருவரும் சிஸ்டத்தைத் தொடாத நேரத்தில், வேலையில் இருக்கும் கனெக்‌ஷன் எத்தனை என்று பாருங்கள். பூஜ்யத்துக்கு இறங்காமல் 2, 3 என்று நின்றால் எனக்கு எழுதுங்கள். அதுவரை ரீஸ்டார்ட் பொத்தானில் கை வைக்காதீர்கள்.