கொடைக்கானல் சலேத் மாதா திருவிழா ஏன் செப்டம்பரில் நடப்பதில்லை?

நியாயமான கேள்விதான். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைக் கிராமமான சலேத்தில், மாடு மேய்த்த மெலானி, மாக்சிமின் என்ற இரு பிள்ளைகளுக்கு மாதா அழுதபடி காட்சி தந்த நாள் 1846 செப்டம்பர் 19 என்பது நம்பிக்கை. கொடைக்கானலில் இயேசு சபைக் குரு லூயி சேன் சீர் 1866இல் கட்டிய ஆலயமோ, மாதாவின் விண்ணேற்பு நாளான ஆகஸ்ட் 15ஐ ஒட்டியே விழா எடுக்கிறது. அன்று அரசு விடுமுறையும்கூட!

ஒருமுறை 14ஆம் தேதி இரவு வந்து பாருங்கள். சாரலில், சால்வை போர்த்திய கூட்டத்துக்கு நடுவே தேர் மெல்ல நகரும். வேண்டிக்கொண்டவர்கள் அதன்மீது உப்பும் மிளகும் தூவுவார்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு. விடிந்ததும் ஈரத் தார்ச்சாலையில் உப்பு கரைந்திருக்கும், மிளகு மட்டும் செருப்படியில் நெரிபடும்.