புது முதலாளி வந்திருக்கிறார், கிளப் பிழைக்குமா? – கேள்வி பதில்

இங்கிலாந்து கால்பந்து கிளப்புகளை வாங்கும் பணக்காரர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயை விட்டேன். வந்து குவிந்ததில் பாதிக்கு மேல் நியூகாசில் யுனைடெட்டைப் பற்றித்தான். சரி, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். பல வருஷமாக ராத்தூக்கம் கெட்டு இந்த லீக்கைப் பார்க்கிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. எந்த கிளப் ரசிகன் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் பாதிப் பேர் இத்தோடு எழுந்து போய்விடுவீர்கள்.

சவூதிக்காரர்கள் 2021-ல் நியூகாசிலை வாங்கியபோது ரசிகர்கள் அரபிகளைப் போலத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே ஆடினார்களே. அந்த சீசனில் அணி அதுவரை ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. அப்படி என்ன சந்தோஷம்? (வியாசர்பாடி வாசகர்)

அந்த ஆட்டத்தில் பாதி, பழைய முதலாளி போனதற்கு.

விளையாட்டுப் பொருள் கடைகள் நடத்தும் மைக் ஆஷ்லி 2007-ல் கிளப்பை வாங்கினார். ஒன்றை மறந்துவிடக் கூடாது: அவரும் பணக்காரர்தான், அவர் வந்தபோதும் அந்த ஊர் கைதட்டியது. கிளப் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ரசிகர்கள் நடுவிலேயே உட்கார்ந்து மேட்ச் பார்த்தார். தேன்நிலவு ஒரு வருஷம்கூட ஓடவில்லை. ஊரே கொண்டாடிய கெவின் கீகனை அணியை நடத்தும் மேனேஜராகக் கொண்டுவந்தார்கள். 2008-ல் அவருக்கு வேண்டாத ஒரு வீரரை அவர் தலையில் கட்டினார்கள், அவர் விலகிவிட்டார். பிறகு விசாரித்த நடுவர் குழுவும் கீகன் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 2009-லும் 2016-லும் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 2011-ல் செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்ற பெயரையே எடுத்துவிட்டுத் தன் கடையின் பெயரை மைதானத்துக்கு வைத்தார். அடுத்த வருஷம் ஸ்பான்சராக வந்த ஒரு வட்டிக்கடன் கம்பெனி, மைதானத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையையும் வாங்கி, பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தது. ஊரின் மானத்தை வட்டிக்கடைக்காரர் மீட்டுக் கொடுத்த கதை!

இப்படிப் பதினாலு வருஷம். 20 அணிகளில் கடைசி மூன்றும் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும்; 17-வது இடம் வந்தால் போதும், இறங்காமல் இருந்தால் சரி என்று ஓடிய கிளப் அது. தோற்பதை ரசிகன் தாங்கிக்கொள்வான். ஜெயிக்க ஆசைகூடப் படாத கிளப்பை எப்படித் தாங்குவான்? அதனால்தான் அன்றைக்கு 19-வது இடத்தில் இருந்துகொண்டு ஆடினார்கள். தலையில் கட்டியதில் பல சமையலறைத் துண்டுகள். முதலில் அதெல்லாம் வேண்டாமே என்று சொன்ன கிளப், சில நாளில் உங்கள் இஷ்டம் என்று இறங்கிவந்தது.

என்ன விலை? இப்போது யார் கையில் இருக்கிறது?

விலை 30.5 கோடி பவுண்டு. தொடக்கத்தில் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியத்துக்கு 80 சதவீதம், லண்டனின் ரூபன் சகோதரர்களுக்கு 10, பேரத்தை முடித்துவைத்த அமாண்டா ஸ்டேவ்லி தரப்புக்கு 10. ஸ்டேவ்லி 2024-ல் வெளியேறினார். மற்ற இருவரும் இருக்கிறார்கள்.

அண்ணா, உலகத்திலேயே பணக்கார முதலாளி. அப்புறம் ஏன் எம்பாப்பே மாதிரி ஆளை வாங்கவில்லை? கஞ்சத்தனமா? (பெட்டாலிங் ஜெயா)

பையில் பணம் இருக்கிறது தம்பி, செலவழிக்கத்தான் அனுமதி இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் லாப–நஷ்ட விதி ஒன்று உண்டு. மூன்று வருஷத்தில் ஒரு கிளப் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டுதான் நஷ்டம் காட்டலாம். மைதானம், இளையோர் பயிற்சி, மகளிர் அணி ஆகியவற்றுக்கான செலவு இந்தக் கணக்கில் வராது. மீறினால் புள்ளியை வெட்டுவார்கள். 2023-24 சீசனில் எவர்டனுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் வெட்டினார்கள். முதலாளியின் சொத்து எவ்வளவு என்பது இந்தக் கணக்குக்குள் வரவே வராது. கிளப்பின் சொந்த வருமானம்தான் அளவுகோல். நியூகாசிலின் வருமானமோ மான்செஸ்டர், லண்டன் பெரிய கிளப்புகளைவிட மிகக் குறைவு. சரி, சவூதி கம்பெனி ஒன்று ஸ்பான்சர் என்ற பெயரில் கொட்டிக் கொடுக்கக் கூடாதா? முதலாளிக்கு வேண்டப்பட்ட கம்பெனி என்றால் சந்தை விலைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி போட்டிருக்கிறார்கள்.

இனி கணக்குப் பிள்ளை வேலை. ஒரு வீரரை 6 கோடிக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினால், வருஷத்துக்கு 1.2 கோடிதான் செலவாக எழுதுவார்கள். விற்றால் மட்டும் லாபம் மொத்தமும் அந்த வருஷமே கணக்கில் ஏறும். கிளப்பே சின்ன வயதிலிருந்து வளர்த்த பையன் என்றால் அவனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது, விற்ற காசு முழுக்க லாபம். ஆக, கணக்கு உதைக்கும்போது முதலில் விலைபோகிறவன் நம் தெருப் பையன்.

2024 ஜூன் கடைசியில் அதுதான் நடந்தது. கணக்கு முடிக்கும் தேதிக்கு முன்னால் அவசர அவசரமாக எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்கு விற்றார்கள். நியூகாசில் பக்கத்தில் பிறந்து, அந்தப் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்தவர். இளம் விங்கர் மின்டேவும் அதே நாட்களில் பிரைட்டனுக்குப் போனார். அதே சமயம் ஃபாரஸ்டிலிருந்து ஒரு கோல்கீப்பர் இங்கே வந்தார். அவர் ஆடிப் பார்த்தவர்கள் அபூர்வம்!

பணக்கார முதலாளி வந்தால் ஊர்ப் பையன்கள் தங்குவார்கள் என்று நம்பியவர்களுக்கு இது சரியான அடி. 2026-27 சீசனிலிருந்து இதற்குப் பதில் வேறு விதி. அணிக்கான செலவு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2025 நவம்பரில் கிளப்புகள் ஓட்டுப் போட்டிருக்கின்றன. அதிலும் பாருங்கள், வருமானம்தான் அளவுகோல். பெரிய கிளப்புகளுக்கு வேலிபோல அமைந்துவிட்டது என்று நியூகாசில்காரர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே ஒரு பதிலில் சொல்கிறேன்.

பத்திரிகையாளரைக் கொன்ற அரசின் பணத்தில் ஓடும் அணிக்குக் கைதட்டலாமா? மனசு ஒப்பவில்லை. (யாழ்ப்பாணம்)

ஒப்பாமல் இருப்பதுதான் இயல்பு. ஜமால் கஷோகி 2018 அக்டோபரில் இஸ்தான்புல்லில் சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். இந்த நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். கிளப்பை அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டபூர்வ உறுதிமொழி வாங்கிக்கொண்டுதான் அனுமதித்தோம் என்றது பிரீமியர் லீக். இளவரசர் தலைமை தாங்குகிற நிதியம் வேறு, அரசு வேறு என்பதை நம்புவதற்கு நிறையப் பெரிய மனசு வேண்டும்.

நியூகாசிலிலேயே இதை எதிர்த்து ஒரு ரசிகர் குழு தொடர்ந்து குரல் கொடுக்கிறது. சிறுபான்மைதான். கைமாறுவதற்கு முன் ரசிகர் சங்கம் கருத்துக் கேட்டபோது 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. எனக்கு ரசிகன்மேல் கோபம் இல்லை. கிளப் அவனுக்குத் தாத்தா காலத்துச் சொத்து, முதலாளியை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. என் பயம் வேறு. அணிக்குக் கைதட்ட ஆரம்பித்தவன், அடுத்து அந்த அரசுக்காக முன்பின் தெரியாதவர்களோடு சண்டை போடுகிறான். ‘மற்ற கம்பெனிகள் அவர்களோடு வியாபாரம் செய்யவில்லையா?’ என்று கேட்கிறான். அந்தப் பணம் எதற்காக வந்ததோ அந்த வேலையை அவன் சம்பளம் இல்லாமல் செய்துகொடுக்கிறான். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் பார்க்காதீர்கள். பார்த்தாலும் அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள்.

நம் நாட்டுக்காரர் யாராவது கிளப் வாங்கியிருக்கிறார்களா?

வாங்காமல் என்ன, வாங்கிப் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பிளாக்பர்ன் ரோவர்ஸ். அந்த ஊரில் பிறந்து இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்த ஜாக் வாக்கர், 1990-களில் தன் சொந்தக் காசைக் கொட்டினார். ஆலன் ஷியரரை வாங்கினார். 1995-ல் அந்தச் சின்ன ஊர் பிரீமியர் லீக் சாம்பியன். பணக்கார முதலாளி என்றதும் ரசிகன் கண்ணை மூடிக் கனவு காண்பது இவரைத்தான். ‘நம்ம ஊர்க்காரர், பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்.’

அவர் 2000-ல் இறந்தார். 2010 நவம்பரில் கிளப்பை வாங்கியது பூனாவின் வெங்கீஸ். கோழி வியாபாரத்தில் நம் ஊரிலும் தெரிந்த பெயர்தான். ஒரு மாதத்துக்குள் அனுபவசாலியான சாம் அல்லார்டைஸை நீக்கிவிட்டு, உதவியாளராக இருந்த ஸ்டீவ் கீனை மேனேஜராக்கினார்கள். வீரர்களை வைத்துச் சிக்கன் விளம்பரம் வேறு எடுத்தார்கள். 2012 மே மாதம், அணி இறங்குவது உறுதியான மேட்சில், ரோவர்ஸ் கொடியைப் போர்த்திய கோழி ஒன்றை யாரோ மைதானத்துக்குள் விட்டுவிட்டார்கள். 2017-ல் மூன்றாம் டிவிஷன் வரை போனார்கள், அடுத்த வருஷமே ஏறிவிட்டார்கள்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். வெங்கீஸ் பணம் போடாமல் இல்லை, வருஷாவருஷம் போட்டார்கள். தப்பு, கால்பந்து தெரிந்தவர்களைக் கிட்டே வைத்துக்கொள்ளாததில். அண்மையில் இன்னொரு சிக்கல்: இந்தியாவில் வெங்கீஸ்மேல் நடந்த விசாரணையால், இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பவே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. பிளாக்பர்ன் இருக்கும் லங்காஷையரில் ஒரு வீரரை விற்பதா வேண்டாமா என்ற கவலை டெல்லிக் கோர்ட் வரை நீளும் என்று எந்த ரசிகன் நினைத்திருப்பான்?

செல்சியின் அப்ரமோவிச், மான்செஸ்டர் யுனைடெட்டின் கிளேசர் குடும்பம். இரண்டு பேரும் பணக்காரர்கள்தானே, ஏன் ஒருவருக்குப் பாட்டு, இன்னொருவருக்கு வசவு?

பணம் எந்தப் பக்கம் ஓடியது என்று பாருங்கள். அப்ரமோவிச் 2003-ல் 14 கோடி பவுண்டுக்கு வாங்கி உள்ளே கொட்டிக்கொண்டே இருந்தார். கிளப் அவருக்குத் தர வேண்டிய கடன் கடைசியில் சுமார் 150 கோடி. கிளேசர்கள் 2005-ல் 79 கோடிக்கு வாங்கினார்கள், அதில் பெரும்பகுதி கடன், அந்தக் கடனில் கணிசமானதைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றினார்கள். அந்த வீட்டையே அடகு வைத்து அந்த வீட்டை வாங்கி, வட்டியைக் குடியிருக்கிறவர்களிடம் வசூலிப்பது போல. கொதித்துப்போன சில ரசிகர்கள் அந்த வருஷமே எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனி கிளப் ஆரம்பித்து, அடிமட்ட லீக்கிலிருந்து ஆடத் தொடங்கினார்கள்.

அப்ரமோவிச் மட்டும் நல்லபடியாகவா முடிந்தது? 2022 மார்ச்சில், உக்ரைன் போரையொட்டி, ரஷ்யரான அவர்மேல் பிரிட்டன் தடை போட்டதும் செல்சியால் புதிதாக டிக்கெட் விற்க முடியவில்லை, கிளப் கடையைப் பூட்டினார்கள், வெளியூர் மேட்சுக்குப் போகும் செலவுக்கு 20,000 பவுண்டு வரம்பு. ஐரோப்பியச் சாம்பியன் அணியின் நிலைமை அது. மே மாதம் கிளப் 250 கோடிக்குக் கைமாறியது.

முதலாளிக்கு அலுத்துப்போனால்?

மேலே வேலி என்றேனே, அது இதற்குத்தான். ரஷ்யாவின் தாகெஸ்தானில் ஆஞ்சி மக்கச்கலா என்று ஒரு கிளப். 2011-ல் சுலைமான் கெரிமோவ் வாங்கி கேமரூன் நட்சத்திரம் சாமுவேல் எட்டோவைக் கொண்டுவந்தார். வீரர்கள் மாஸ்கோவில் குடியிருந்து, சொந்த ஊர் மேட்சுக்கு விமானத்தில் பறந்து போனார்கள். 2013-ல் முதலாளி மனம் மாறினார். நட்சத்திரங்களை விற்றுத் தள்ளினார்கள். 2022-ல் கிளப்பே கலைந்துபோனது. ஸ்பெயினின் மலாகாவும் கிட்டத்தட்ட இதே பாதையில் போனது. 2010-ல் கத்தார் ஷேக் வந்தார், 2013-ல் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் கால் இறுதி, 2023-ல் மூன்றாம் டிவிஷன்.

எங்கள் ஊர்க்காரர் வின்சென்ட் டான் கார்டிஃப் சிட்டியின் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினாரே. இனிமேலும் அப்படிச் செய்ய முடியுமா? (கோலாலம்பூர்)

2012-ல் மாற்றினார், 2015 ஜனவரியில் நீலத்துக்கே திரும்பினார். நடுவில் அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அப்போதுகூட நீலத்தைக் கேட்பதை ரசிகர்கள் நிறுத்தவில்லை. இனி அவ்வளவு சுலபமில்லை. 2025-ல் வந்த பிரிட்டனின் கால்பந்து நிர்வாகச் சட்டப்படி, சின்னத்தையோ சொந்த மைதான ஜெர்சியின் நிறத்தையோ மாற்றுவதற்கு ரசிகர்களின் பெரும்பான்மை ஆதரவு வேண்டும்.

ஜெர்மனி மாதிரி ரசிகர்களே வைத்துக்கொள்ளக் கூடாதா?

அங்கே 50+1 விதி: ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. டிக்கெட் மலிவு, அரங்கம் நிரம்பும். பட்டத்தைப் பெரும்பாலும் பேயர்ன் மியூனிக் தூக்கிக்கொண்டு போகும். ஒன்று கிடைத்தால் இன்னொன்று போகும்.

கடைசியாக ஒன்று. நியூகாசில்காரர்கள் கேட்டது கிடைத்ததா? (சிங்கப்பூர்)

கிடைத்தது. 2025 மார்ச் 16, வெம்பிளி, லீக் கோப்பை இறுதி, லிவர்பூலை 2-1. உள்நாட்டுக் கோப்பை ஒன்றை அவர்கள் கடைசியாகத் தூக்கியது 1955-ல். முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டது டேன் பர்ன். பக்கத்தில் பிளைத் ஊர்க்காரர். 11 வயதில் நியூகாசில் பயிற்சிப் பள்ளி வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பையன். புது முதலாளி வந்த முதல் ஜனவரியில் வாங்கப்பட்டவர்களில் ஒருவர். அந்த ஊரில் பெரியவர்கள் அழுததைப் பார்த்தபோது எனக்கே தொண்டை அடைத்தது.

இரண்டாவது கோல் அலெக்சாண்டர் இசாக் போட்டது. அந்த வருஷம் செப்டம்பர் 1-ம் தேதி அவர் 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலுக்கே போய்விட்டார்.