தினமும் கொஞ்சம்: ஆசானிடம் சில கேள்விகள்

தக்கலைப் பக்கம் 27 வருடமாக அடிமுறை என்ற தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். தினசரிப் பழக்கத்தால் உடம்பும் மனசும் எப்படி உறுதிப்படும் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

ஆசானே, 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடுமா? (நாகர்கோவில்)

இல்லை. 1960-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமாகத்தான் படிந்தது.

அதனால் நாளை எண்ணாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற வேலையோடு சேர்த்துவிடுங்கள். கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை முட்டியைப் பாதி மடக்கி அரைமண்டியில் நில்லுங்கள், அது போதும். முட்டி வலித்தால் உடனே நிமிர்ந்துவிட வேண்டும்.

வயது 62. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. (குழித்துறை)

அக்கா, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, மெதுவாக ஐந்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. முட்டியில் வீக்கம் இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் வீணா? (குலசேகரம்)

வீணில்லை. ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெடவில்லை என்று அதே ஆய்வில் கண்டார்கள். உங்கள் ஊர் ரப்பரையே பாருங்கள். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. ஆசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும்.

ஆசான் சொல்வது தப்பு. என் அப்பா பனையேறி. பாளையைக் காலையும் மாலையும் சீவ வேண்டும். விட்டால் வெட்டுவாய் அடைத்து அக்கானி (பதநீர்) நின்றுவிடும். பிள்ளைகளுக்குச் சோம்பலைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். (கருங்கல்)

தம்பி, இதைக் கேட்டு இரண்டு நாள் யோசித்தேன். பாளையைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அப்பா ஒவ்வொரு முறையும் எவ்வளவு சீவினார்? மெல்லிசாக ஒரு சீவல். விடாமல் சீவியதோடு கொஞ்சமாகவும் சீவியதால்தான் அந்தப் பாளை அத்தனை நாள் ஊறியது. கொஞ்சமென்றால் தினமும் செய்யலாம், நானும் உங்கள் கட்சிதான். கடும்பயிற்சிக்கு மட்டும் ரப்பர் கணக்கு. தசை சீக்கிரம் வலுக்கும், அதை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகத்தான் வலுக்கும். இந்த இடைவெளியில்தான் என்னிடம் வந்த பல இளைஞர்களுக்கு முட்டி போனது.

எத்தனை நாளில் பழக்கமாகும்? (மார்த்தாண்டம்)

முதல் பதிலைப் படியுங்கள்.

48 நாள் கணக்கு சரியா? (தோவாளை)

விரதத்துக்குச் சரி. மற்றதற்கு முதல் பதில்தான்.

வர்மப் புள்ளிகளை இங்கேயே சொல்லித் தருவீர்களா?

மாட்டேன். நேரில், வருடக்கணக்கில் பார்த்த ஆளுக்கு மட்டும்தான்.

ஆசானே, கருங்கல்லிலிருந்து மறுபடியும். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தினம் ஏறினாலும் முட்டி கெடாததற்குக் காரணம் பாதம் வைத்த விதம் என்கிறார்.

அதைத்தான் தேடுகிறேன் மக்களே. ஏறும்போது பெருவிரல் எந்தப் பக்கம் திரும்பும், பாரம் குதிகாலுக்கு எப்போது வரும், இறங்கும்போது எது மாறும்? மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அவருக்குச் சம்மதமென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்கு வருகிறேன்.