வாசகர் கேள்வி – பதில்: கடித்தது எது என்று பார்த்து மருந்து போடுங்கள்

கே: ஐந்து வயது மகனுக்குக் கொசு கடித்த இடமெல்லாம் தடித்துப் போகிறது. எலுமிச்சைச் சாறு தடவச் சொல்கிறார் மாமியார். நான் சமையல் சோடா போடுகிறேன். எது சரி?
– வாசகி, ஈசூன்

ப: இரண்டில் சோடாதான். ஆனால் அதற்கு முன்னால் குளிர்ச்சி. கொசுவின் உமிழ்நீர் தோலுக்குள் இறங்கியதும் உடல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை விடுவிக்கிறது. அதில் இரத்தக் குழாய்கள் விரிந்துதான் தடிப்பும் அரிப்பும் வருகின்றன. குளிர் பட்டால் குழாய்கள் சுருங்கும், அரிப்பும் மட்டுப்படும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, இரண்டு ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது.

அதற்கும் அடங்காவிட்டால் ஒரு தேக்கரண்டி சோடாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, விரலில் எடுத்தால் வழியாத பதத்துக்குக் குழைத்துப் பூசுங்கள். பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். இரவு முழுக்க விடுபவர்கள் உண்டு. தோல் இலேசான அமிலத்தன்மை உள்ளது, சோடாவோ காரம். நெடுநேரம் இருந்தால் தோல் வறண்டு, அந்த வறட்சியே அரிக்கும். கொசுக்கடிதான் இன்னும் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் சோடா பூசுவார்கள்! சொறிந்து புண்ணான இடத்தில் சோடா வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சையைத் தடவிக்கொண்டு பிள்ளை வெயிலில் விளையாடப் போனால், சாற்றில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டுத் தோலைச் சுட்டுவிடும். கொப்புளம் ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு பல வாரம் நிற்கும். நம் நிறத் தோலில் சொறிந்த தடமும் அப்படித்தான் மறைய அடம்பிடிக்கும். அதனால் பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், அது பாதி வைத்தியம்.

அடுத்த சில நாள்களில் காய்ச்சல் வந்தால் டெங்கியை நினைவில் வையுங்கள். பராசிட்டமால் மட்டும் கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

கே: வீட்டில் வளர்த்த கற்றாழையைத் தடவியதும் அரிப்பு அதிகமாகிவிட்டதே?
– வாசகர், பிடோக்

ப: வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைச் சேர்த்துப் பூசியிருப்பீர்கள். அரிப்பது அதுதான். இலையின் வெட்டுமுனை கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் 15 நிமிடம் சாய்த்து வையுங்கள். பால் வடிந்த பின் தோலைச் சீவி, கண்ணாடி போன்ற சதையை மட்டும் எடுத்து இன்னொரு முறை கழுவுங்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்து, எரியாவிட்டால் கடிபட்ட இடத்தில் பூசலாம்.

கே: காலையில் எழுந்தால் கழுத்தில் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடு, ஓரத்தில் சிறு கொப்புளங்கள். எந்தப் பூச்சி கடித்திருக்கும்?
– வாசகர், பொங்கோல்

ப: அநேகமாகக் கடிக்கவே இல்லை, நசுங்கியிருக்கும். ரோவ் வண்டு என்று ஒன்று உண்டு. ஒரு சென்டிமீட்டருக்குள் எறும்புபோல ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். விளக்கு வெளிச்சத்துக்கு வந்து மேலே உட்காரும். நாம் அடித்துத் தேய்த்தால் அதன் உடலில் உள்ள பெடெரின் என்ற நஞ்சு தோலில் கோடாக இழுபடும். மறுநாள்தான் எரிச்சல் தெரியும் என்பதால் யாரும் வண்டைச் சந்தேகிப்பதில்லை.

அடுத்த முறை உடம்பில் கண்டால் ஊதிவிடுங்கள், அல்லது காகிதத்தில் ஏற்றி வெளியே போடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். இதற்குச் சோடா, தைலம், மஞ்சள் எதுவும் வேண்டாம், ஈரத்துணி ஒத்தடம் போதும். கண்ணருகே பட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கே: தேனீ கொட்டிய இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்கலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

ப: கூடாது. சுண்ணாம்பு கடுமையான காரம். நஞ்சு தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே பூசும் சுண்ணாம்பு அங்கே எட்டாமல் தோலை மட்டும் வேகவைக்கும். செய்ய வேண்டிய வேலை வேறு. தேனீயின் கொடுக்கு நஞ்சுப் பையோடு தோலிலேயே நின்று, தேனீ பறந்த பிறகும் நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். நகத்தாலோ ஈஸி-லிங்க் பயண அட்டையின் விளிம்பாலோ உடனே சுரண்டி எடுங்கள். இடுக்கி தேடி ஓடும் நேரம்தான் நஷ்டம். குளவி கொடுக்கை விட்டுச் செல்வது அரிது. விரலில் கொட்டினால் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள்.

கே: கடற்கரையில் மணல் ஈ கடித்து நான்கு நாளாகியும் கால் அரிக்கிறது.
– வாசகர், தெம்பனிஸ்

ப: கொசுக்கடியைவிட இது நாள்பட அரிக்கும், ஒரு வாரம் தாண்டுவதும் உண்டு. ஓட்ஸ் ஒரு கைப்பிடியை மிக்சியில் நைசாக அரையுங்கள். அரைத்த மாவில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டால் பால்போலக் கலங்க வேண்டும், அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். அந்த மாவை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து 15 நிமிடம் காலை வைத்திருங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். துடைத்தபின் கேலமைன் (அரிப்பைத் தணிக்கும் பூச்சு மருந்து) போத்தலை நன்றாகக் குலுக்கி (குலுக்காவிட்டால் மருந்து அடியிலேயே கிடக்கும்) ஒற்றி எடுங்கள். தடிப்பைச் சுற்றிச் சூடாகிச் சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்விடுங்கள்.